ஐம்பது ரூபாய் அபராதம்

பொள்ளாச்சியைத் தாண்டி, கேரளம் நோக்கிப் போன ஒரு மாட்டு லாரியின் பின்னால் மாட்டிக்கொண்டேன். மூக்கணாங்கயிற்றை மேல்கம்பியோடு இழுத்துக் கட்டியிருந்ததால் ஒரு காளையின் தலை அண்ணாந்தே நின்றது. படுக்கவும் வழியில்லை. சரக்கு லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது 1978ஆம் ஆண்டு விதி. கொம்புகளை வைத்து எண்ணினேன், இருபதைத் தாண்டியது. சாவடியில் பிடிக்கமாட்டார்களா என்றால், பிடித்துத்தான் என்ன? விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயில் தொடங்கி 50 ரூபாயில் நின்றுவிடுகிறது. டிரைவரின் டீ, வடைக் காசு. 1960இல் சட்டம் வந்தபோது அந்தத் தொகை கொஞ்சமாவது வலித்திருக்கும். அதற்கே ருக்மிணி தேவி அருண்டேல் 1953இல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவர வேண்டியிருந்தது. (கலாக்ஷேத்திராவுக்காக அவரைக் கொண்டாடுகிறோம், இதைச் சொல்வார் குறைவு.) அபராதத்தைப் பல மடங்காக்கும் திருத்த வரைவை 2022இல் மத்திய அரசு மக்கள் கருத்துக்கு வைத்தது. எனக்குக் கோபம் லாரிக்காரர் மேல்கூட இல்லை, சட்டம் நகரும் இந்த ஆமை வேகத்தின் மேல்தான். ஒரு மேட்டில் லாரி திணறியபோது அந்தக் காளையை நன்றாகப் பார்த்தேன். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் அடித்த பச்சை வண்ணம் இன்னும் உரியவில்லை.