அச்சு முறியுமுன்

"மன நெருக்கீடு என்பது வேலையற்றோர் கண்டுபிடித்த நாகரிக நோய். எங்கள் பாட்டன்மார் விடியுமுன் துலா மிதித்துத் தோட்டத்துக்கு நீரிறைத்தார்கள். அவர்களுக்கு இந்நோய் வந்ததா?" என்று கேட்போர் இன்றும் நம்மிடையே உளர். ஆசிரியர் கூடும் அறைகளிலும் இலக்கியக் கூட்டங்களின் பின்வரிசைகளிலும் இக்கேள்வியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். நகைத்துத் தள்ளத்தக்க கேள்வியன்று இது. இதற்கு விடை காணாதவரை, நம் பிள்ளைகளின் துன்பமும் நம் துன்பமும் சோம்பல் என்றும், அடங்காமை என்றும், குணக்கேடு என்றும் பொய்ப்பெயர் பூண்டே உலவும்.

முதலிற் சொல்லை நோக்குவோம். ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரெஸ்' எனப்படுவதை நம் நாட்டு உளமருத்துவத் துறையினர் 'நெருக்கீடு' என வழங்குகின்றனர். பொதுவழக்கில் அது 'மன அழுத்தம்' எனப்படுகிறது. மனச்சோர்வு என்னும் நோயையும் அதே பெயரால் சிலர் அழைப்பதால் மயக்கம் விளைகிறது. நெருக்கீடு நோயன்று, சுமைக்கு உடலும் உள்ளமும் காட்டும் எதிர்விளைவு. அது தீராது நீடிக்கும்போதுதான் நோய்க்கு வழி திறக்கிறது. நெருக்கீடு என்ற சொல்லையே நான் விரும்புகிறேன். அதைக் கேட்டவுடன் 'நெருக்குவது எது?' என்ற வினா தானே எழுகிறது அன்றோ!

பொறியியலார் இரும்பின்மீதும் மரத்தின்மீதும் ஏறும் விசையைக் குறிக்க வழங்கிய சொல்லை மனித உடலுக்கு ஆக்கி உலகறியச் செய்தவர் ஹான்ஸ் செலியே என்னும் அறிஞர். கனடாவின் மொன்றியல் நகரில் எலிகளைக்கொண்டு ஆராய்ந்த அவர், கடுங்குளிரோ, காயமோ, அளவிறந்த உழைப்போ எதுவாயினும் உடல் ஒரே வகையான மாற்றங்களையே காட்டுகிறது என்பதை 1936இல் வெளியிட்டார். முதலில் உடல் திடுக்குற்று விழிக்கிறது. அடுத்து எதிர்த்து நிற்கிறது. சுமை இறங்காவிடின் ஈற்றில் ஓய்ந்து விழுகிறது. இம்மூன்று படிகளில் முதலாவது நமக்கு நன்மையே செய்கிறது. பரீட்சை மண்டபத்தில் நெஞ்சு படபடத்து அறிவு கூர்மையடைவதும் அதனாலேயே. தீங்கு விளைப்பது மூன்றாவது படி.

பாட்டன்மாரைப் பற்றிய கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. அவர்கள் துன்பமறியாதவரல்லர், தம் துன்பத்துக்கு நாவூறு என்றும் கிரகதோஷம் என்றும் பெயரிட்டனர். ஆனால் அவர்தம் உழைப்புக்கு ஓர் அந்தி இருந்தது. பொழுதுபட்டால் துலா ஓய்ந்தது. திண்ணையில் பேச்சும், கோயில் முன்றலில் கூத்தும் இருந்தன. திடுக்குற்ற உடல் மீள்வதற்கு இரவு இருந்தது. இன்றைய சுமைக்கோ அந்தியில்லை. பாடசாலை மணி அடித்தபின் தனியார் வகுப்பு. அதன்பின் கைத்தொலைபேசியில் வந்து குவியும் பாடக்குறிப்பும் கட்டளையும். ஆசிரியரும் படுக்கையிற் கிடந்தபடியே அதிபரின் செய்திக்கு விடையெழுதுகிறார்.

வள்ளுவர் 'வலியறிதல்' என்னும் அதிகாரத்தில், மயிற்பீலி ஏற்றிய வண்டியேயாயினும் அளவிறந்து ஏற்றினால் அச்சு முறியும் என்று காட்டுகிறார். பகைவர் பலர் ஒன்றுகூடின் நேரும் கேட்டை அரசனுக்கு உணர்த்துவதாக உரையாசிரியர் கொள்வர். எனக்கோ அது நம் காலத்து நெருக்கீட்டின் இலக்கணமாகவே தோன்றுகிறது. ஒவ்வொரு பீலியையும் தனித்தெடுத்து, 'இதுவும் ஒரு பாரமா?' என்று கேட்டால் விடையளிக்க முடியாது. ஒரு மேலதிக வகுப்பு, ஒரு படிவம், ஒரு கடன் தவணை, அயல்வீட்டுப் பிள்ளையின் புள்ளியோடு ஓர் ஒப்பீடு: இவற்றுள் எது பாரம்? எல்லாம் சேர்ந்த வண்டிதான் பாரம்.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிற் பரீட்சையை எண்ணிப் பாருங்கள். இலவசக் கல்வித் திட்டம் மலர்ந்த 1940களில், வறிய கிராமப் பிள்ளைகளுக்கு நல்ல பாடசாலைகளின் கதவைத் திறக்கவே இவ்வழி வகுக்கப்பட்டது. அதே வழி இன்று பத்து வயதுக் குழந்தையின் விளையாட்டையும் உறக்கத்தையும் விலையாகக் கேட்கிறது. இதன்மேல், போர் 2009இல் முடிந்தபின்னும் அதன் வடுவைச் சுமக்கும் பெற்றோர் பலர். 2022இன் நெருக்கடியில் எரிபொருள் வரிசையிலும் மின்வெட்டு இருளிலும் நின்ற நினைவு எவருக்கும் மறைந்திலது. அவ்வாண்டு மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே தள்ளிவைக்கப்பட்டன. இத்தனையும் ஏற்றிய வண்டியைப் பார்த்து, 'ஏன் மெதுவாகச் செல்கிறாய்?' என்று அதட்டுவது அறமாகுமா?

அச்சு திடீரென முறிவதில்லை, முன்னரே கிறீச்சிடும். அவ்வொலியை அறியும் செவி நமக்கு வேண்டும். நன்றாயிருந்த மாணவன் எழுத்து சிதைந்து, மறதி மிகுந்து, சிறுசொல்லுக்குச் சீறினால் அது ஒலி. காலையில் பாடசாலைக்குப் புறப்படும் வேளையில் மட்டும் வயிற்றுவலி வந்தால் அது ஒலி. பகலெல்லாம் களைத்தவருக்கு இரவில் உறக்கம் வராவிடின், முன்பு சுவைத்த நூலும் பாட்டும் சுவைக்காவிடின், அதுவும் ஒலியே. வலிக்கும் வயிற்றைப் 'பாசாங்கு' என்பதும், சீறும் நாவைக் 'கொழுப்பு' என்பதும் செவிடர் செயல்.

நாமோ துன்புறுவோரிடம் 'இடுக்கணழியாமை' அதிகாரத்தையே ஓதுகிறோம். தடைப்பட்ட இடமெல்லாம் முயன்றிழுக்கும் எருதைப் புகழ்கிறோம். வண்டியிலுள்ள பாரத்தை எண்ணுகிறோமில்லை. மனவுறுதியை நான் இகழவில்லை; அது வேண்டியதே. ஆனால் ஓர் அதிகாரத்தை மட்டும் ஓதிப் மற்றதை மறைப்பது வள்ளுவருக்கும் நீதியன்று, மாணவனுக்கும் நீதியன்று. எருதுக்கு உறுதி சொல்லுமுன் வண்டியிற் சில மூட்டைகளை இறக்குக என்பதே என் கட்சி.

எவற்றை இறக்கலாம்? தனி மனிதர் முதலில் தம் நாளுக்கு ஓர் அந்தியை மீட்கவேண்டும்: குறித்த நேரத்தின்பின் தொலைபேசியை வேறறையில் வைத்தல், உறக்கத்தைக் களவாடாதிருத்தல், மாலையில் சிறிது தூரம் நடத்தல், நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் வாய்விட்டுப் பேசுதல். இவை எளியவை, ஆயினும் உடல் மீள்வதற்கு வேண்டிய இடைவெளியைத் தருபவை. பெற்றோர் வாரத்தில் ஒரு மாலையையாவது வகுப்பின்றிப் பிள்ளைக்கு விட்டுக்கொடுக்கட்டும். அதிபர்கள் இரவுச் செய்திகளை நிறுத்தட்டும். ஆசிரியர் புள்ளி வாசிக்கும்போது ஒருவன் பெயரை மற்றொருவனுக்குச் சாட்டையாக்காதிருக்கட்டும். இவற்றுக்குச் சட்டமும் வேண்டாம், நிதியும் வேண்டாம்.

வாட்டமும் நாட்டமின்மையும் இரு வாரங்களுக்கு மேலாக நாள்தோறும் நீடித்தாலோ, உயிரை வெறுக்கும் எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலோ, அறிவுரைக்கு அங்கு இடமில்லை. மருத்துவரையும் உளவளத்துணையாளரையும் நாடுவதே கடன். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் அதற்காகவே உள்ளது. காய்ச்சலுக்கு மருந்து கொள்ள வெட்காத நாம் இதற்கு மட்டும் வெட்கி ஒளிப்பது பேதைமை.

அடுத்த தவணை தொடங்கும்போது, மாணவரின் புள்ளிப் பதிவேட்டைத் திறக்குமுன் ஒவ்வொரு முகத்தையும் ஒருகணம் நோக்குமாறு ஆசிரியத் தோழர்களை வேண்டுகிறேன். எவன் எத்தனை புள்ளி பெற்றான் என்பதைப் பதிவேடு சொல்லும். எவன் எவ்வளவு சுமக்கிறான் என்பதை அது சொல்லாது. அதனை நாமே கேட்டறிதல் வேண்டும்.