கையெழுத்துக்கு முன்னே நடந்தவர்கள்

அமெரிக்க அடிமைகளை விடுதலை செய்தவர் ஆபிரகாம் லிங்கன். பள்ளிப் பேச்சுப்போட்டி முதல் போட்டித் தேர்வு வழிகாட்டி வரை, பட்டிமன்ற மேடை முதல் வாட்ஸ்அப் வரை, நம்மிடையே இது கேள்வி கேட்க இடமில்லாத உண்மையாக உலவுகிறது. மரக்குடிசையில் பிறந்த ஏழைச் சிறுவன் ஜனாதிபதியானார், இரக்கம் மேலிட்டு ஒரு கையெழுத்துப் போட்டார், நாற்பது லட்சம் பேரின் விலங்கு அறுந்தது என்று கதை போகிறது. லிங்கன்மேல் நமக்கு உள்ள பக்தி பெரியது. மகனின் ஆசிரியருக்கு அவர் எழுதியதாகச் சுற்றும் கடிதத்தை அவர்தான் எழுதினார் என்பதற்கு ஓர் ஆதாரமும் இல்லை. ஆனாலும் அதை விடாமல் பகிர்கிறோம். கடிதத்தால் யாருக்கும் கேடில்லை. கையெழுத்துக் கதையால் கேடு உண்டு. தங்கள் விடுதலைக்காக உயிரைப் பணயம் வைத்த லட்சக்கணக்கானவர்களை, யாரோ வந்து கதவைத் திறக்கும்வரை கைகட்டிக் காத்திருந்தவர்களாக அது காட்டுகிறது. அது பொய்.

வடக்கின் ஒன்றியத்துக்கும் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861-ஆம் ஆண்டின் மே மாதத்துக்குப் போவோம். வர்ஜீனியா மாநிலத்தின் கடற்கரையில் மன்றோ கோட்டை மட்டும் ஒன்றியப் படையின் கையில் இருந்தது. எதிர்க்கரையில் தெற்கு மாநிலப் படை பீரங்கித் தளம் கட்டிக்கொண்டிருந்தது. மண் சுமந்தவர்கள் அடிமைகள். அவர்களில் ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மேலரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் ஆகிய மூவருக்கு, தங்களை வட கரோலினாவுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று தெரியவந்தது. அனுப்பினால் குடும்பத்தை மறந்துவிட வேண்டியதுதான். மே 23 இரவு மூவரும் ஒரு படகை எடுத்தார்கள், நீரைக் கடந்து நேராகக் கோட்டைக் காவலர்களிடம் போய் நின்றார்கள்.

அந்த நாளில் அவர்கள் காட்டிய துணிச்சலின் அளவு நமக்கு எளிதில் புரியாது. தப்பியோடும் அடிமையைப் பிடித்து உடைமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது நாட்டின் சட்டம். தெற்கில் அடிமைமுறை இருக்கும் இடங்களில் அதில் தலையிடும் எண்ணமே தனக்கு இல்லை என்று லிங்கன் மார்ச் மாதப் பதவியேற்பு உரையில் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். அந்தக் கோட்டையில் தஞ்சம் கிடைக்கும் என்று மூவருக்கும் யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. மறுநாளே தெற்குப் படை அதிகாரி ஒருவர் வெள்ளைக்கொடியுடன் வந்து, சட்டப்படி மூவரையும் திருப்பித் தரச் சொன்னார். கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர் தொழிலால் வழக்கறிஞர். அமெரிக்காவிலிருந்து பிரிந்துவிட்டோம் என்று சொல்லும் வர்ஜீனியாவுக்கு அமெரிக்கச் சட்டம் எப்படிப் பொருந்தும் என்று கேட்டார். எதிரி போருக்குப் பயன்படுத்தும் சொத்தைப் பறிமுதல் செய்வது போர் மரபு, ஆகவே இவர்களைத் தரமுடியாது என்று அனுப்பிவிட்டார்.

பட்லருக்கு அடிமை ஒழிப்பில் பெரிய ஆர்வம் இருந்ததில்லை. அவர் பேசியதும் சொத்து என்ற கணக்கில்தான். ஆனால் அவர் முடிவெடுத்தே ஆகவேண்டிய நிலையை உண்டாக்கியவர்கள் அந்த மூவர். செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவியது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டும் கிழவர்களைத் தாங்கிக்கொண்டும் ஜனங்கள் வந்தார்கள். ஜூலை முடிவதற்குள் அந்த ஒரு கோட்டையில் மட்டும் 900 பேர்.

இதற்குப் பிறகுதான் சட்டங்கள் வந்தன. ஆகஸ்ட் 1861-இல் முதல் பறிமுதல் சட்டம், மார்ச் 1862-இல் தப்பி வந்தவர்களைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று படை அதிகாரிகளுக்குத் தடை, ஜூலையில் இரண்டாம் பறிமுதல் சட்டம். வந்து நிற்பவர்களை என்ன செய்வது என்ற கேள்வி முகாம்தோறும் எழுந்ததால்தான் காங்கிரஸ் அடுத்தடுத்துப் பதில் சொல்லவேண்டி வந்தது. இந்த நடைப்பயணத்தைப் பொது வேலைநிறுத்தம் என்றே கணித்தார் வரலாற்றாசிரியர் டு போய்ஸ். சுமார் ஐந்து லட்சம் பேர் தோட்டங்களை விட்டு வெளியேறினார்கள் என்பது 1935-இல் அவர் எழுதிய நூலின் மதிப்பீடு. தெற்கின் பருத்தியும் சோளமும் அவர்கள் கைகளால் விளைந்தவை. அந்தக் கைகள் எதிர்ப்பக்கம் போனபோது போரின் நிலையே மாறியது.

இந்த ஆண்டுகளில் லிங்கன் என்ன செய்துகொண்டிருந்தார்? மிசூரியில் தளபதி ஃப்ரீமான்ட் தானாகவே அடிமைகளை விடுவித்து ஆணையிட்டபோது அதைத் திருத்தச் செய்தார். தென்கிழக்குக் கடற்கரையில் தளபதி ஹண்டர் அதையே செய்தபோது ரத்து செய்தார். 1862 ஏப்ரலில் வாஷிங்டன் நகரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. நஷ்டஈடு உடைமையாளருக்குப் போனது, ஓர் ஆளுக்கு 300 டாலர் வரை. வாழ்நாளெல்லாம் கூலியின்றி உழைத்தவருக்கு அதுபோல் எதுவும் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் கறுப்பினப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, நீங்கள் வேறு நாட்டில் போய்க் குடியேறுவதே இரு இனத்துக்கும் நல்லது என்றார். கென்டக்கி போன்ற எல்லை மாநிலங்கள் கைவிட்டுப் போனால் போரே தோற்றுவிடும் என்று அவர் அஞ்சியது உண்மை, அந்த அச்சத்தில் நியாயமும் இருந்தது. ஆனால் அஞ்சித் தயங்கிய ஒருவரை, எடுத்த எடுப்பிலேயே விலங்கை உடைத்தவராக எழுதுவதற்கு அது காரணம் ஆகாது.

லிங்கன் கையெழுத்திட்ட 1863 ஜனவரி 1 விடுதலைப் பிரகடனத்தையும் நம்மில் பலர் படித்ததில்லை. கலகம் செய்த பகுதிகளுக்கு மட்டுமே அது பொருந்தும். ஒன்றியத்தில் நீடித்த டெலாவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசூரி ஆகிய நான்கு அடிமை மாநிலங்களுக்கு அது பொருந்தாது. டென்னசி அதில் இடம்பெறவில்லை; லூசியானாவிலும் வர்ஜீனியாவிலும் ஒன்றியப் படை பிடித்திருந்த பல பகுதிகளுக்கு விலக்கு உண்டு. அதன் மெய்யான பலம் இன்னொரு வரியில் இருந்தது: விடுதலையானவர்களைப் படையில் சேர்க்கலாம் என்ற வரி. ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் தரைப்படையில் சேர்ந்தார்கள். வெள்ளை வீரருக்கு மாதம் 13 டாலர். இவர்களுக்கு 10 டாலர், அதிலும் உடுப்புக்கு 3 டாலர் பிடித்தம். மாசசூசெட்ஸ் 54-ஆம் படைப்பிரிவினர் அந்தச் சம்பளத்தைத் தொடவே மறுத்தார்கள். சம்பளமே வாங்காமல் போரிட்டார்கள். 1864 ஜூனில் காங்கிரஸ் இறங்கிவந்து சமச் சம்பளம் தந்தது.

பிரகடனம் எட்டாத கென்டக்கியில் விடுதலைக்கு இருந்த பெரிய வழி, படையில் சேர்வது. சேர்ந்தவனுக்கு விடுதலை, அவன் மனைவி மக்களுக்கு இல்லை. ஜோசப் மில்லர் என்ற வீரர் நெல்சன் முகாமில் சேர்ந்தபோது குடும்பத்தையும் உடன் அழைத்துவந்திருந்தார். 1864 நவம்பர் கடுங்குளிரில், வீரர்களின் குடும்பங்கள் ஏறத்தாழ 400 பேரை முகாமிலிருந்து துரத்த ஆணை வந்தது. மகனுக்கு ஏழு வயது, நோயில் கிடந்தான். வெளியே கொண்டுபோனால் செத்துவிடுவான் என்று மில்லர் மன்றாடினார். வண்டியில் ஏறாவிட்டால் எல்லோரையும் சுடுவேன் என்றான் காவலன். அன்றிரவு ஆறு மைல் நடந்துபோய்க் குடும்பத்தைத் தேடிப் பிடித்தபோது பையன் இறந்திருந்தான். இரவோடு இரவாக முகாமுக்குத் திரும்பியாக வேண்டும், திரும்பினார். விடிந்ததும் மறுபடி நடந்துபோய், தானே குழி வெட்டிப் புதைத்தார். இதையெல்லாம் சத்தியப் பிரமாணமாக எழுதித் தந்தார். துரத்தப்பட்டவர்களில் நூறு பேருக்கு மேல் மடிந்தார்கள்.

இந்தக் கொடுமை வடக்குப் பத்திரிகைகளில் வெளிவந்து கொந்தளிப்பு எழுந்தது. 1865 மார்ச் 3 அன்று, கறுப்பின வீரர்களின் மனைவி மக்களுக்கும் விடுதலை தரும் சட்டத்தைக் காங்கிரஸ் நிறைவேற்றியது. அந்தச் சட்டத்திலும் லிங்கனின் கையெழுத்து இருக்கிறது. அதற்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதை மில்லரின் பிரமாணப் பத்திரம் சொல்கிறது.

லிங்கன் கையெழுத்திட்டிருக்காவிட்டால் ஓடிவந்த அத்தனை பேரையும் பிடித்துத் திருப்பி அனுப்பியிருப்பார்களே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அரசின் பலம் இல்லாமல் அடிமைமுறை வீழ்ந்திருக்காது. பிரகடனத்தைக் கைவிட்டுச் சமாதானம் பேசுங்கள் என்று 1864 கோடையில் சொந்தக் கட்சிக்காரர்களே நெருக்கியபோதும் லிங்கன் கடைசியில் அசையவில்லை. அடிமைமுறையை ஒழிக்கும் பதின்மூன்றாம் அரசியல் சட்டத் திருத்தத்துக்காகப் பிரதிநிதிகள் சபையில் ஒவ்வொரு வாக்காகப் பாடுபட்டார். அவர் பெருமை அதில் இருக்கிறது: தன் கண்முன் நடந்ததைப் பார்த்து மனம் மாறினார். கறுப்பின வீரர்களைக் கைவிட்டால் மூன்று வாரத்தில் போரையே விடவேண்டி வரும் என்று அவரே சொன்னார். அவருக்குத் தெரிந்திருந்தது நம் பாடங்களில் இல்லை.

வாஷிங்டனில் லிங்கன் பூங்காவில் 1876 ஏப்ரலில் திறக்கப்பட்ட சிலை ஒன்று இருக்கிறது. லிங்கன் ஒரு கையில் பிரகடனத்தோடு நிற்கிறார், இன்னொரு கை நீண்டிருக்கிறது, அதன் கீழே இடுப்பில் துணி மட்டும் கட்டிய கறுப்பினத்தவர் ஒருவர் முழங்காலிட்டிருக்கிறார். சார்லட் ஸ்காட் என்ற பெண் கொடுத்த 5 டாலரில் தொடங்கி, சிலைக்கான பணம் விடுதலையானவர்களின் கையிலிருந்து வந்தது. வடிவத்தை முடிவு செய்தவர்கள் வெள்ளையர்கள். முழங்காலிட்டவரின் முகம் ஆர்ச்சர் அலெக்ஸாண்டருடையது. அவர் மிசூரிக்காரர், பிரகடனம் அவரைத் தொடவே இல்லை. 1863-இன் தொடக்கத்தில், ஒன்றியப் படை கடக்கவிருந்த பாலத்தின் மரங்களை எதிரிகள் அறுத்துவைத்திருப்பதைப் படைக்குத் தெரிவித்துவிட்டுத் தப்பி ஓடியவர். பிடிபட்டு, மறுபடியும் தப்பியவர். படை வீரர்களின் உயிரைக் காத்து, தன் விடுதலையைத் தானே தேடிக்கொண்ட அந்த மனிதரைத்தான் மண்டியிட வைத்தார்கள்.

திறப்பு விழாவில் உரையாற்றிய ஃபிரெட்ரிக் டக்ளஸ், தாமே ஓர் அடிமையாயிருந்து தப்பியவர். சில நாளில் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில், கறுப்பின மனிதர் தம் கால்களில் நிமிர்ந்து நிற்கும் சிலையைச் சாவதற்குள் பார்க்க விரும்புவதாகச் சொன்னார். பூங்காவில் அதற்கு இடம் இருக்கிறது என்றும் எழுதினார். பாஸ்டனில் இருந்த இச்சிலையின் நகல் 2020 டிசம்பரில் அகற்றப்பட்டது. வாஷிங்டன் சிலையை எடுத்துவிடச் சொல்லமாட்டேன், அது ஏழைகள் சேர்த்த காசு. டக்ளஸ் கேட்ட சிலையை அதன் பக்கத்திலேயே வைக்க வேண்டும். அதற்கும் ஆர்ச்சர் அலெக்ஸாண்டரின் முகமே போதும்.