அணி மாறுவது துரோகமா?

2011ஆம் ஆண்டு மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் நெகிரி செம்பிலான் அணி திரங்கானுவை 2-1 என்ற கோல் கணக்கில் வென்றது. அதில் ஒரு கோலை அடித்தவர் எஸ். குணாளன். மறு ஆண்டே அவர் சிலாங்கூர் அணிக்கு மாறினார். 2013இல் ஜோகூர் அணியில் சேர்ந்தார்.

இத்தகைய விலகலைத் தோட்டப்புற ரசிகர்கள் எளிதில் ஏற்பதில்லை. ரப்பர், செம்பனைத் தோட்டத் திடல்களில் காற்பந்தோடு வளர்ந்தவர்களுக்கு, மாநில அணியில் விளையாடும் தமிழர் தங்கள் வீட்டுப் பிள்ளையாவார். “ஏறிய ஏணியை மறக்கலாமா?” எனச் சிலர் வருந்துவர். “விளையாட்டாளரின் காலம் குறுகியது, வாய்ப்பு வரும்போதே செல்ல வேண்டும்” என்பர் வேறு சிலர்.

ரசிகர்களின் வருத்தம் இயல்பானது. எனினும், இரண்டாவது கருத்தே ஏற்புடையது. நல்ல வேலை தேடி வெளியூர் செல்லும் பிள்ளைகளைத் தோட்டத்துப் பெற்றோர் வாழ்த்தி அனுப்புகின்றனர். விளையாட்டாளருக்கு மட்டும் வேறொரு நீதி கூறுவது முறையன்று. மேலும், 61 ஆண்டுகளுக்குப் பின், 2009இல் அக்கிண்ணத்தை மீட்ட அணியிலும் குணாளன் இருந்தார். மாநிலத்திற்குப் பட்ட கடனை அவர் திடலிலேயே தீர்த்துவிட்டார்.

சென்றவரைப் பழிப்பதைவிட, தோட்டத் திடல்களைப் பேணி அடுத்த விளையாட்டாளரை உருவாக்குவதே உண்மையான ரசிகர்களுக்கு அழகு.