காபரேற்றரா, இன்ஜெக்ஷனா? பழைய கார் வாங்க முன்...



சுயதொழிலுக்காகப் பழைய கார் ஒன்றை வாங்க நினைக்கும் பெண்கள் எம்மிடையே கூடி வருகிறார்கள். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றவும், மரக்கறி கொண்டுபோகவும், வாடகைக்கு ஓடவும் கார் உதவும். ஆனால் வாங்கப் போகும் இடத்தில் ஒரு கேள்வி வரும்: “காபரேற்றர் வேணுமா, இன்ஜெக்ஷன் வேணுமா?” தரகர் ஒன்றைச் சொல்வார், கராஜ்காரர் மற்றதைச் சொல்வார். காசு கொடுக்கும் பெண் பேசாமல் நிற்பார். இந்த மாதம் அதைப் பற்றிப் பார்ப்போம்.

இரண்டும் செய்யும் வேலை ஒன்றே. பெற்றோலைக் காற்றுடன் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பது. காபரேற்றரில், காற்று ஒடுங்கிய வழியால் விரைந்து போகும்போது ‘ஜெற்’ என்னும் சிறு துளையால் பெற்றோலை இழுத்துக்கொள்ளும். கணினி எதுவும் தேவையில்லை. இன்ஜெக்ஷனில் மின்பம்பி பெற்றோலை அழுத்தத்துடன் அனுப்பும். காற்றின் அளவையும் எஞ்சினின் சூட்டையும் பார்த்து ஒரு சிறு கணினி தெளிக்கும் அளவைத் தீர்மானிக்கும். கையால் அள்ளிப் போடும் உப்புக்கும் நிறுத்துப் போடும் உப்புக்கும் உள்ள வித்தியாசம்தான்.

மண்ணெண்ணெய்க் காலம்

எமது மூத்தவர்கள் பலர் இன்றும் காபரேற்றரையே நம்புகிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. 1990இல் போர் மீண்டும் தொடங்கியபின் வடக்கிற்குப் பெற்றோல் கொண்டுபோகத் தடை வந்தது. யாழ்ப்பாணத்தில் ஒஸ்டின், மொரிஸ் மைனர் போன்ற கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சப் பெற்றோலை விட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்து, அது சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது என்பதால்தான் அந்த முதல் துளிப் பெற்றோல். அக்கால எஞ்சின்களின் அமுக்கமும் குறைவு, ஆகவே தாங்கின. இன்ஜெக்ஷன் காரில் இதைச் செய்தால் பம்பியும் தெளிகருவிகளும் பழுதாகும்.

ஆனால் அந்தக் காரணம் இன்று இல்லை. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏற்றப்பட்டது. 2008ஆம் ஆண்டு முதல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனையும் வேண்டும். புகை கக்கும் கார் அதில் தேறாது.

இரண்டிலும் உள்ள நன்மை, தீமை

2022 ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது ஒரு காருக்கு வாரத்திற்கு 20 லீற்றர்தான் கிடைத்தது. அப்போது ஒவ்வொரு துளியும் கணக்கு. அந்தக் கணக்கில் நல்ல நிலையிலுள்ள இன்ஜெக்ஷன் முந்தும். காலையில் சோக் இழுக்காமலே ஸ்டார்ட் ஆகும், புகையும் குறைவு.

நான் வேலை செய்யும் வில்கமுவவிலிருந்து ரத்தோட்டை வழியாக மாத்தளைக்குப் போவதென்றால் நக்கிள்ஸ் மலைத்தொடரைத் தாண்டவேண்டும். உயரத்தில் காற்று ஐதாகும். சமநிலத்திற்குச் சரிசெய்த காபரேற்றர் அங்கே தேவைக்கு மேல் பெற்றோல் விடும், இழுவை குறையும். இன்ஜெக்ஷன் தானே அளவை மாற்றிக்கொள்ளும்.

காபரேற்றரின் பலம் வேறு. தூசி அடைத்தால் கழற்றி, கழுவி, ஊதிப் பூட்டலாம். பற்றரி இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். இன்ஜெக்ஷனில் பற்றரி முற்றாக இறங்கிவிட்டால் பம்பியும் கணினியும் இயங்காது, தள்ளியும் பயனில்லை. வஸ்கமுவ வனத்தை அண்டிய, யானை நடமாடும் வீதியில் பொழுதுபட்டபின் கார் நின்றால் நிலைமை என்னவென்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே “எது நல்லது?” என்பதை விட “பழுதானால் யார் திருத்துவார், எவ்வளவு தூரத்தில்?” என்று கேளுங்கள். கணினிப் பிழையைப் பார்க்கும் ஸ்கேனர் உள்ள கராஜ் ஒரு மணி நேரத் தூரத்திற்குள் இருந்தால் இன்ஜெக்ஷனை எடுக்கலாம். சுற்றுவட்டாரத்தில் பழைய பாஸ் ஒருவரே உண்டென்றால் நல்ல காபரேற்றர் போதும். கார் கராஜில் நின்றாலும் கடன் தவணை நிற்காது.

காபரேற்றர் காரை இன்ஜெக்ஷனாக மாற்றித் தருவதாகச் சிலர் சொல்வார்கள். பம்பி, கணினி, உணரிகள், வயர்கள் எல்லாம் புதிதாகப் போடவேண்டும். பிறகு அந்த வயர் வேலை போட்டவருக்கு மட்டுமே விளங்கும். பிழைப்புக்காக ஓடும் காருக்கு இது வேண்டாம். வந்தபடியே வைத்திருங்கள்.

வாங்கும்போது பார்க்கவேண்டியவை

1. மாருதி 800 போன்ற கார்களில் பழையவை காபரேற்றர், பிந்தியவை இன்ஜெக்ஷன். ஆண்டை மட்டும் நம்பாமல் பொனெற்றைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

2. காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள்.

3. இன்ஜெக்ஷன் காரில் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் படம் உள்ள மஞ்சள் விளக்கு எரியவேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணையவேண்டும். அணையாவிட்டால் பழுது. எரியவே இல்லை என்றால் பழுதை மறைக்க பல்பைக் கழற்றியிருக்கலாம்.

4. காபரேற்றர் காரில் சோக் வேலை செய்கிறதா, பெற்றோல் மணக்கிறதா, கறுப்புப் புகை வருகிறதா என்று பாருங்கள்.

5. கடைசிப் புகைப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

வாங்கியபின் இன்ஜெக்ஷன் காரை வெறுந்தாங்கியுடன் ஓட்டாதீர்கள். தாங்கிக்குள் இருக்கும் பம்பியைக் குளிர்விப்பது பெற்றோல்தான். காபரேற்றரோ இன்ஜெக்ஷனோ, காற்று வடிகட்டியையும் பெற்றோல் வடிகட்டியையும் காலத்திற்குக் காலம் மாற்றுங்கள்.

சகோதரிகளே, “உங்களுக்கு இது விளங்காது” என்று யாராவது சொன்னால் அந்த இடத்தில் முற்பணம் கொடுக்காதீர்கள். விளங்கும்வரை கேளுங்கள். பொறுமையாகப் பதில் சொல்பவரிடமே வாங்குங்கள், அப்படிப்பட்டவரிடமே திருத்தவும் கொடுங்கள்.