கர்ச்சீப் போட்டாச்சா?

பஸ் ஸ்டாண்டுக்குள்ள பஸ் திரும்பும்போதே ஜன்னல் வழியா கர்ச்சீப்பை வீசி சீட் பிடிக்கிற வித்தையில நம்ம ஊர்க்காரங்களை அடிச்சுக்க ஆளே கிடையாது. கர்ச்சீப், துண்டு, நோட்டு, டிபன் பாக்ஸ்... கையில எது இருக்கோ அது! யோசிச்சுப் பாருங்க, அந்தக் கர்ச்சீப் சீட்டைப் பூட்டலை. எடுத்து ஓரமா வச்சுட்டு உட்கார்ந்தா அது ஒண்ணும் பண்ணாது. ஆனாலும் உட்கார மாட்டோம். ‘இங்கே ஆள் வர்றாங்க’ன்னு அது சொல்லுது, நாம மதிக்கிறோம். சிஸ்டம் அவ்வளவுதான்.

ஷெல் ஸ்கிரிப்ட்ல வர்ற லாக் ஃபைலும் அச்சு அசல் இதேதான். ஓ.எஸ். பேப்பர்ல ‘மியூச்சுவல் எக்ஸ்க்ளூஷன்’னு பயமுறுத்துவாங்களே, அந்தப் பெரிய தத்துவத்தோட கர்ச்சீப் வடிவம்!

ஒரே டோக்கன், ரெண்டு டீம்

டிபார்ட்மென்ட் சிம்போசியம்னு வச்சுக்கங்க. ரெஜிஸ்ட்ரேஷன் டெஸ்க்ல ரெண்டு வாலன்டியர், ஆளுக்கொரு லேப்டாப். ரெண்டும் லேப்ல இருக்கிற அதே லினக்ஸ் சர்வர்ல லாகின் ஆகியிருக்கு. வேலை செய்றது ஒரு குட்டி ஸ்கிரிப்ட். ஃபைல்ல இருக்கிற நம்பரைப் படி, ஒண்ணு கூட்டு, திரும்ப எழுது, அதையே டோக்கனா கொடு. அஞ்சு வரி கூட வராது.

ஃபைல்ல 41 இருக்கு. முதல் ஸ்கிரிப்ட் 41-ஐப் படிக்குது. அது 42-ன்னு எழுதறதுக்கு முன்னாடி, பக்கத்து லேப்டாப்ல ஓடற ஸ்கிரிப்டும் அதே 41-ஐப் படிச்சிடுது. ரெண்டுமே 42-ன்னு எழுதுது. ரெண்டு டீமுக்கும் ஒரே டோக்கன். எர்ரர் வராது, வார்னிங் வராது. மத்தியானம் ஹால்ல பேர் கூப்பிடும்போதுதான் வெடிக்கும். ராத்திரி முழுக்க பஸ்ல வந்த வெளியூர் டீம் முன்னாடி நிக்கும். ‘உங்க நம்பர்ல வேற டீம் இருக்கே’ன்னு சொல்ற தைரியம் யாருக்கு வரும்?

இதுக்குப் பேர் ரேஸ் கண்டிஷன். தனியா உட்கார்ந்து நூறு தடவை டெஸ்ட் பண்ணினாலும் மாட்டாது. கூட்டம் வர்ற அன்னிக்குத்தான் பல்லைக் காட்டும். ஷார்ட்டஸ்ட் பாத் அல்காரிதத்தால நம்மைப் படுத்தி எடுக்கிறாரே எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, அவர் 1965-லேயே இந்தப் பிரச்னையை எடுத்துக்கிட்டுப் பேப்பர் எழுதியிருக்கார். ஒரு நேரத்துல ஒரு ப்ராசஸ்தான் அந்தப் பகுதிக்குள்ள போகணும். கேள்வி அதுதான்.

எட்டிப் பார்த்தா சீட் போச்சு

சரி, லாக் ஃபைல் வச்சுடலாம்னு எல்லாரும் முதல்ல எழுதறது இதைத்தான். ‘லாக் ஃபைல் இருக்கா? இல்லைன்னா, டச் கமாண்டால ஒண்ணை உருவாக்கு. வேலையை முடி. லாக்கை அழி.’ பார்க்க அம்சமா இருக்கும். ஆனா, செம ஓட்டை!

ஜன்னல்ல எட்டிப் பார்க்கறீங்க, சீட் காலி. கர்ச்சீப்பைத் தேடி பாக்கெட்ல கையை விடறீங்க. அந்தக் கேப்புல இன்னொருத்தர் துண்டைப் போட்டுட்டார். அது தெரியாம நீங்களும் போடறீங்க. ‘இருக்கா’ன்னு பார்க்கிறதும் ‘உருவாக்கு’றதும் ரெண்டு தனித்தனி வேலையா இருக்கிற வரைக்கும், நடுவுல ஒரு சந்து இருக்கும். அந்தச் சந்துல இன்னொரு ப்ராசஸ் நுழையும். டச் கமாண்ட் வேற பரம சாது. ஃபைல் ஏற்கெனவே இருந்தாலும் ‘ஓ.கே.’ன்னு தலையாட்டிட்டுப் போயிடும்.

தீர்வு? எட்டியே பார்க்காதீங்க. நேரா வீசுங்க. விழுந்துச்சா, சீட் உங்களுது.

ஷெல்லுல அப்படி வீசறதுக்கு எம்கேடிர் கமாண்ட் இருக்கு. டைரக்டரி உருவாக்க நாம தினமும் அடிக்கிற அதே கமாண்ட்தான். அந்தப் பேர்ல டைரக்டரி இல்லைன்னா உருவாக்கும், இருந்தா ஃபெயிலாகும். பார்க்கிறதும் பிடிக்கிறதும் கெர்னலுக்குள்ள ஒரே அசைவுல முடிஞ்சிடுது. நூறு ப்ராசஸ் ஒரே நொடியில முட்டி மோதினாலும் ஒண்ணுக்குத்தான் வெற்றி. ஒரே ஒரு எச்சரிக்கை. பழக்க தோஷத்துல ‘மைனஸ் பி’ சேர்த்துடாதீங்க. சேர்த்தா, டைரக்டரி இருந்தாலும் ‘சக்ஸஸ்’னு சொல்லிடும். எல்லாருக்கும் சீட் கொடுத்த கண்டக்டர் மாதிரி ஆயிடும்!

இன்னொண்ணு. நம்பரைப் படிக்கிறதுக்கு முன்னாடியே லாக் பண்ணணும். எழுதும்போது மட்டும் பண்ணினா, ரெண்டு பேரும் பழைய 41-ஐ கையில வச்சுக்கிட்டு ஒழுங்கா க்யூவுல நின்னு 42 எழுதுவாங்க.

டீ குடிக்கப் போனவர் வரலை

கர்ச்சீப் போட்டவர் டீ குடிக்க இறங்கினார். திரும்பி வரவே இல்லை. சீட் காலி, பஸ் ஃபுல், யாரும் உட்கார முடியலை. ஸ்கிரிப்ட் பாதியில செத்துப்போனா லாக்கும் அப்படியே கிடக்கும். இதை ஸ்டேல் லாக்னு சொல்வாங்க.

இதுக்கு ‘ட்ராப்’னு ஒரு வசதி இருக்கு. ஸ்கிரிப்ட் முடியும்போது, எப்படி முடிஞ்சாலும், லாக்கை அழிச்சுடுன்னு சொல்லி வைக்கலாம். ஆனா, லாக் கைக்கு வந்த பிறகுதான் ட்ராப் வரியை எழுதணும். முன்னாடியே எழுதினா, லாக் கிடைக்காம வெளியேற ஸ்கிரிப்ட் போற போக்குல அடுத்தவரோட லாக்கை அழிச்சுட்டுப் போயிடும். தனக்குச் சீட் இல்லைன்னதும் அடுத்தவர் கர்ச்சீப்பைத் தூக்கி எறியற ஆசாமி!

ட்ராப்பும் சர்வரோக நிவாரணி இல்லை. ‘கில் மைனஸ் 9’ அடிச்சா அதை எந்த ப்ராசஸாலும் தடுக்க முடியாது. கரன்ட் போனாலும் அதே கதி. லாக்குக்குள்ள ப்ராசஸ் நம்பரை எழுதி வச்சு, ‘கில் மைனஸ் 0’ அடிச்சு ஆள் உயிரோட இருக்காரான்னு விசாரிக்கலாம். ஆனா, செத்த ப்ராசஸோட நம்பரே பின்னாடி வேறொண்ணுக்குப் போகலாம். ரெண்டு ப்ராசஸ் ஒரே நேரத்துல ‘இது பழைய லாக்’னு முடிவு பண்ணி, ஒண்ணு புதுசா போட்ட லாக்கை இன்னொண்ணு அழிக்கலாம். மறுபடியும் அதே சந்து!

கர்ச்சீப்போட நுனி கெர்னல் கையில

அதனாலதான் லினக்ஸ்ல எஃப்லாக் கமாண்டைப் பரிந்துரைக்கிறாங்க. இதோட அடிப்படையான சிஸ்டம் கால் 1983-ல வந்த 4.2 பி.எஸ்.டி. யூனிக்ஸ்ல அறிமுகமானது. இங்கே ஃபைல் இருக்கா இல்லையாங்கிறது விஷயமே இல்லை. திறந்து வச்சிருக்கிற ஃபைல் மேல கெர்னல் ஒரு பூட்டு போடுது. ப்ராசஸ் செத்தா ஃபைல் தானா மூடும், பூட்டும் தானா விடும். கில் மைனஸ் 9 அடிச்சாலும் சரிதான். அந்த ஸ்கிரிப்ட் ஏதாவது ப்ராசஸை பின்னணியில ஓட விட்டிருந்தா மட்டும், அது முடியற வரைக்கும் பூட்டு நிக்கும்.

உபயோகம் ரொம்ப ஈஸி. எஃப்லாக், லாக் ஃபைலோட பேர், ஓட வேண்டிய ஸ்கிரிப்ட். இவ்வளவுதான். வேற யாராவது வச்சிருந்தா காத்திருக்கும். ‘மைனஸ் என்’ போட்டா காத்திருக்காம உடனே திரும்பிடும். ‘மைனஸ் டபிள்யூ 10’ போட்டா 10 செகண்ட் பார்த்துட்டுக் கிளம்பிடும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை க்ரான்ல ஓடற பேக்கப், முந்தினது முடியறதுக்குள்ள அடுத்தது ஏறி உட்காராம இருக்க, மைனஸ் என் கைகண்ட மருந்து.

ஆனா இதுவும் கர்ச்சீப்தான், மறந்துடாதீங்க. எஃப்லாக் கேட்காம நேரா ஃபைலைத் திறந்து எழுதற ஸ்கிரிப்டை கெர்னல் தடுக்காது. பத்துப் பேர் மதிச்சு, ஒருத்தர் மதிக்கலைன்னா, பத்துப் பேருக்கும் ஆப்பு.

அழிக்கறதுக்கு முன்னாடி...

உபுன்டுல ஏதாவது இன்ஸ்டால் பண்ணும்போது ‘லாக் கிடைக்கலை’ன்னு மெசேஜ் வந்ததும், சீனியர் ஒருத்தர் ஓடி வந்து ‘அந்த லாக் ஃபைலை டெலீட் பண்ணிடு மச்சி’ம்பார். பண்ணாதீங்க. அங்கே லாக் ஃபைல் எப்பவுமே இருக்கும். பூட்டு இருக்கிறது ஃபைலோட பேர்ல இல்லை, அந்த ஃபைல் மேல. அழிச்சா, அடுத்து வர்ற ப்ராசஸ் அதே பேர்ல புது ஃபைலை உருவாக்கிப் பூட்டும். பழைய ப்ராசஸ் பழைய பூட்டோட ஓடிக்கிட்டே இருக்கும். ரெண்டும் சேர்ந்து பேக்கேஜ் டேட்டாபேஸைக் குதறிட்டா, ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முதல் நாள் ராத்திரி சிஸ்டத்தை ஃபார்மேட் பண்ணிக்கிட்டு உட்கார வேண்டியதுதான்.

கிட் ரெபாசிட்டரில வர்ற இண்டெக்ஸ் டாட் லாக் வேற ரகம். அங்கே ஃபைல் இருக்கிறதேதான் பூட்டு. கிட் பாதியில செத்திருந்தா, நீங்கதான் அழிக்கணும். ஆக, எது எந்த ரகம்னு தெரிஞ்சுக்கங்க. பி.எஸ். கமாண்ட் அடிச்சு, ஆள் நிஜமாவே போயிட்டாரான்னு பாருங்க. அப்புறம் கையை வைங்க.

இன்னிக்கு ராத்திரி பத்து நிமிஷம் ஒதுக்குங்க. அந்த டோக்கன் ஸ்கிரிப்டை எழுதுங்க. படிக்கிறதுக்கும் எழுதறதுக்கும் நடுவுல ‘ஸ்லீப் 3’னு ஒரு வரி சேர்த்து, ரெண்டு டெர்மினல்ல அடுத்தடுத்து ஓட விடுங்க. ஒரே நம்பர் ரெண்டு தடவை வரும். அப்புறம் எஃப்லாக் போட்டு அதையே ஓட்டுங்க. ரெண்டாவது டெர்மினல் மூணு செகண்ட் பொறுமையா நின்னு, அடுத்த நம்பரைக் கொடுக்கும். டெக்ஸ்ட் புக்ல நாலு பக்கம் படிச்சும் புரியாதது, அந்த மூணு செகண்ட்ல புரிஞ்சுடும்!