பூங்கா இருக்கிறது, ஆட இடமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் பகுதி நகராட்சிப் பூங்காவின் வாசலில் புதிதாக ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். பந்து விளையாடக் கூடாது, சைக்கிள் ஓட்டக் கூடாது, புல்தரையில் ஓடக் கூடாது. திறக்கும் நேரம் காலை 5 முதல் 9, மாலை 4 முதல் 8. விடுமுறை நாளில் பதினோரு மணிக்குப் போனால் கேட்டில் பூட்டுத் தொங்குகிறது. பிள்ளைகள் எதிர்த் தெருவில் தண்ணீர் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

இந்தப் பூங்கா நகராட்சி காசு போட்டு வாங்கிய இடமல்ல. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலை நீங்கலாக உள்ள நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டுக் கட்டட விதி. ஓ.எஸ்.ஆர். நிலம் என்று சொல்வது இதைத்தான். அதன் விலையும் சேர்த்துத்தான் எங்கள் தலையில் மனையைக் கட்டினார்கள். பிள்ளைகள் உள்ள வீட்டாரும் அந்தப் பணத்தைக் கொடுத்தவர்களே.

பொட்டலாகக் கிடந்தவரை அங்கே எல்லா ஆட்டமும் நடந்தது. பிறகு ‘அழகுபடுத்தினார்கள்’. தண்ணீர் வராத நீரூற்று, சிமென்ட் மான், சுற்றிலும் பேவர் பிளாக். அந்தக் கல்லில் பம்பரம் விட்டால் ஆணி மழுங்கும். கோலிக்குக் குழி தோண்ட முடியாது. கபடியில் விழுந்தால் முட்டி பெயர்ந்துவிடும். கல்லில் ஆடக்கூடியது நொண்டி ஒன்றுதான். அதற்கும் சாக்பீஸில் கட்டம் போட்டால் காவலாளி அதட்டுகிறார். மண் தரையை மண்ணாகவே விட்டிருந்தால் செலவும் மிச்சம், ஆட்டமும் மிச்சம். ஆனால் அதற்கு டெண்டர் விட முடியாதே!

பெரியவர்கள் நடக்கும்போது பந்து படுகிறது என்பதுதான் பந்து விளையாடத் தடை போட்டதற்குச் சொல்லப்படும் காரணம். நானும் அங்கே நடப்பவன்தான். என் முதுகிலும் பட்டிருக்கிறது. அதற்கு ஒரு மூலையில் வலை கட்டினால் போதும். பிள்ளைகளை விரட்ட வேண்டியதில்லை.

பகலில் பூட்டுவதுதான் எனக்குப் பெரிய குறை. காரணம், பிள்ளைகளின் கண். சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. முடிவுகள் 2015-இல் வெளியாயின. பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் கூடுதலாக 40 நிமிட வெளிப்புற வகுப்பு வைத்தார்கள். மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது அந்தப் பிள்ளைகளில் சுமார் 30 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. மற்றப் பள்ளிகளில் ஏறக்குறைய 40 சதவீதம். கண்ணுக்கு வேண்டியது பகல் வெளிச்சம். வெயில் கொளுத்துகிறதே என்று கேட்கலாம். பூங்காவில் வேப்ப மரங்கள் இருக்கின்றன. மரநிழலில்கூட வீட்டு டியூப்லைட்டைவிடப் பல மடங்கு வெளிச்சம் உண்டு.

பள்ளியில் ஆடிக்கொள்ளட்டும் என்பவர்களுக்கு: ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடல் வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. ஆனால் திடல் இருக்கும் பள்ளிகளிலும் பி.இ.டி. (உடற்கல்வி) பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்கிறார். அந்தப் பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலினே மேடையில் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

மிஞ்சுவது வாடகை டர்ஃப். ஒரு மணி நேரத்துக்கு ஆயிரம் ரூபாய் போலக் கேட்கிறார்கள். ஆட்டோ ஓட்டுபவர் பிள்ளைக்கு எப்படிக் கட்டுப்படியாகும்? 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி தன் 9 கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கலாம் என்று தீர்மானம் போட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் திரும்பப் பெற்றது. எங்கள் ஊரில் தீர்மானம்கூட இல்லை, ஒரு பலகையோடு வேலை முடிந்துவிட்டது. யார் உத்தரவு என்று கேட்டால் அலுவலகத்தில் ஒருவரை ஒருவர் கைகாட்டுகிறார்கள்.

கோடை விடுமுறைக்கு முன் அந்தப் பலகையைக் கழற்ற வேண்டும். விடுமுறை நாட்களில் பூங்காவைப் பகல் முழுவதும் திறந்து வைக்க வேண்டும். நீரூற்று இருக்கும் பகுதியில் பேவர் பிளாக்கைப் பெயர்த்துச் செம்மண் கொட்டித் தரட்டும். நீரூற்று போனால் வருந்துவதற்கு இங்கே யாரும் இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சென்னைப் புறநகர்.