அப்பாவை சூப்பர்வைசர் ஆக்காதீங்க மக்களே!

வெளிநாட்டுல இருக்கிற நம்ம ஆளுங்க நாலு பேர் ஒண்ணா சேர்ந்தா கண்டிப்பா ஒரு வசனம் காதுல விழும். "ஊர்ல வீட்டு வேலை ஆரம்பிச்சேன், மேஸ்திரி ஏமாத்திட்டான்." துபாயா இருந்தாலும் டல்லாஸா இருந்தாலும் வசனம் மாறாது. தொகை மட்டும்தான் மாறும்.

நான் அந்தப் பக்கத்து ஆள் இல்லை. அம்பத்தூர்லயே குப்பை கொட்டுறவன். அதனால சொந்தத்துல யார் வீட்டுல டைல்ஸ் மாத்தினாலும், மாடி எடுத்தாலும், "நீ அங்கதானே இருக்கே, ஒரு எட்டு பாத்துட்டு வாயேன்"னு போன் வந்துடும். திருமுல்லைவாயல்ல ஒண்ணு, ஆவடி பருத்திப்பட்டு பக்கம் ஒண்ணு, பூந்தமல்லியில ஒண்ணுன்னு இதுவரைக்கும் மூணு வீட்டுக்கு நான் கௌரவ சூப்பர்வைசர். சம்பளம்? ஒரு டப்பா சாக்லேட், ஒரு சென்ட் பாட்டில் :-)

மூணு வீட்டையும் பார்த்ததுல எனக்குத் தோணினது இதுதான். மேஸ்திரி ஏமாத்துறார்ங்கிறது பெரும்பாலும் காரணமே இல்லை. சிமெண்டுக்கு, கம்பிக்கு, டைல்ஸுக்கு, கூலிக்கு எல்லாம் பட்ஜெட் போடுற நாம, மேற்பார்வைங்கிற வேலைக்கு மட்டும் ஒத்தப் பைசா ஒதுக்குறதில்லை. அதை ஓசியில அப்பா தலையிலயோ மச்சான் தலையிலயோ கட்டிட்டு ஃப்ளைட் ஏறிடுறோம். கோளாறு அங்கதான் ஆரம்பிக்குது.

முதல்ல மேஸ்திரி பக்கம் நின்னு பார்ப்போம். எங்க ஏரியா மேஸ்திரி பெரிய கான்ட்ராக்டர் எல்லாம் இல்லை. கொத்தனாரா இருந்து மேல வந்தவர். கூட நாலஞ்சு கொத்தனார், கொஞ்சம் சித்தாள். சென்ட்ரிங்குக்கு, டைல்ஸுக்கு, பெயிண்டுக்கு வெளிய தனித்தனி செட். இப்ப பல செட்டுல வடமாநிலத்துப் பசங்கதான். சனிக்கிழமை சாயங்காலம் கூலி பட்டுவாடா. அன்னிக்குக் கையில காசு இல்லேன்னா திங்கக்கிழமை ஆள் வேற சைட்டுல நிப்பான். அதனால அவர் ஒரே நேரத்துல மூணு சைட் ஓட்டுறார். உங்க அட்வான்ஸ்ல பக்கத்துத் தெரு வீட்டுக் கூலி, பக்கத்துத் தெரு பாக்கி வந்ததும் உங்க வீட்டு வேலை.

ஆள் குறையுற நாள்ல அவர் எந்த சைட்டை விடுவார்? வீட்டுக்காரர் வாசல்ல நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற சைட்டை விடமாட்டார். வாட்ஸ்அப்ல மட்டும் கத்துற சைட்டைத்தான் விடுவார். இதுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் தேவையில்லை. அவர் இடத்துல நாம இருந்தாலும் அதையேதான் செய்வோம்.

அடுத்தது, நாள் கணக்கு. பசங்களுக்கு லீவுன்னு ஜூலையில வர்றோம். ஆடி மாசம், ஆரம்பிக்க வேணாம்னு அம்மா சொல்வாங்க. ஆவணி பொறந்ததும் ஒரு நல்ல நாள் பார்த்துக் கடப்பாரையைப் போட்டுட்டு, நாலாம் நாள் ஏர்போர்ட். வேலை சூடு பிடிக்கிறப்ப ஐப்பசி வந்துடும். சென்னைக்கு வருஷத்துல பெய்யுற மழையில பாதிக்கு மேல அக்டோபர்லேர்ந்து டிசம்பருக்குள்ள கொட்டுறதுதான். 2015 டிசம்பர்லயும், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்பவும் கொரட்டூர், அம்பத்தூர், ஆவடி எல்லாம் எப்படி மிதந்துச்சுன்னு டிவியில பார்த்திருப்பீங்க. மொட்டை மாடியில தட்டோட்டைப் பேர்த்துப் போட்ட வீடு அந்த மாசத்துல என்ன கதி ஆகும்னு யோசிங்க. மழை முடிஞ்சா பொங்கல். ஊருக்குப் போன ஆளுங்க எப்ப திரும்புவாங்கன்னு மேஸ்திரிக்கே தெரியாது.

மூணாவது, 'எக்ஸ்ட்ரா'. இதுலதான் சண்டை அதிகம். எங்க பக்கம் ரோடு போடுறப்பல்லாம் பழசைச் சுரண்டாம மேல மேலயே போட்டுட்டு வந்தாங்க. சுரண்டிட்டுத்தான் போடணும்னு 2021-ல தலைமைச் செயலர் இறையன்பு உத்தரவு போட்டார். ஆனா அதுக்கு முன்னாடி ஏறின ரோடு இறங்குமா? எண்பதுகள்ல கட்டின வீடு பலதுல வாசப்படி இப்ப ரோட்டுக்குக் கீழ. ஜாக்கி வெச்சு வீட்டையே தூக்குறவங்களும் இருக்காங்க. அவ்வளவு செலவு முடியாதவங்க தரையை மட்டும் ஏத்துவாங்க.

"தரையை ஒன்றரை அடி ஏத்தி டைல்ஸ் போடணும், சதுர அடிக்கு என்ன ரேட்?" போன்ல இது ஒரு வரி. வீட்டுல? நிலையை எடுத்து உயர்த்தணும். ஜன்னல் முட்டிக்குக் கீழ வந்துடும். ஸ்விட்ச் போர்டு, கிச்சன் மேடை, பாத்ரூம் பீங்கான், கழிவுத் தண்ணி வாட்டம், சம்ப் மூடி, உள்ளே மாடிப்படியோட முதல் படி, எல்லாம் மாறணும். ரேட் பேசுறப்ப இதுல ஒண்ணுகூட பேச்சுல வராது. பின்னாடி ஒவ்வொண்ணா வர்றப்ப மேஸ்திரி எக்ஸ்ட்ரா கேட்பார். நாம அதுக்கு வெக்கிற பேர் 'ஏமாத்து'.

இப்ப அப்பா விஷயத்துக்கு வர்றேன். எங்க பெரியப்பா ஆவடி டேங்க் ஃபேக்டரியில முப்பது வருஷத்துக்கு மேல இருந்து ரிடையர் ஆனவர். 71 வயசு, சுகர் வேற. பையன் வெளிநாட்டுல. அப்பா அம்மா வசதியா இருக்கணும்னுதான் வீட்டைப் புதுப்பிக்கிறான், நல்ல மனசுதான். ஆனா தினம் காலையில ஒன்பது மணிக்கு வெயில்ல நின்னது பெரியப்பா. மெஷின் வேலையில நூல் பிசகாம பார்த்தவர்தான், ஆனா கொத்து வேலை அவருக்குத் தெரியாது. "அய்யா, இன்னும் பத்து மூட்டை வேணும்"னு மேஸ்திரி கேட்டா, வேணாம்னு சொல்ல அவர்கிட்ட கணக்கு இல்லை. சரின்னுடுவார். ராத்திரி வீடியோ கால்ல பையன், "ஏம்பா பத்து மூட்டை? கேட்க மாட்டீங்களா?" மறுநாள் பெரியப்பா போய்க் கேட்டா மேஸ்திரிக்குக் கோபம், ரெண்டு நாள் ஆள் வராது. "ஏம்பா ஆள் வரலை?"ன்னு மறுபடியும் போன்.

மூணு மாசம் இப்படியே. வேலை முடிஞ்சப்ப வீடு நல்லாத்தான் இருந்துச்சு. பெரியப்பா என்கிட்ட சொன்னது, "இந்த வீட்டுல இருக்கவே பிடிக்கலைடா." அப்பாவும் பையனும் பேசுறது இன்னிக்கும் அம்மா வழியாத்தான்.

மச்சான், சித்தப்பா பையன்னு வேலையைக் கட்டினா இன்னும் மோசம். அங்க சந்தேகம் வந்துடும். என்கிட்டயே ஒரு தடவை, "அந்தக் கடையில ஏன் டைல்ஸ் வாங்கினே?"ன்னு கேட்டாங்க. கேள்வி டைல்ஸைப் பத்தினது இல்லைன்னு எனக்குத் தெரியாதா என்ன.

சரி, என்னதான் பண்றது?

1. காசு குடுத்து ஒரு சிவில் இன்ஜினியரைப் பிடிங்க. மேஸ்திரி கூட்டிட்டு வர்ற ஆள் வேணாம், உங்க ஆளா இருக்கணும். வாரத்துக்கு ரெண்டு தடவை வந்து பார்க்க இவ்வளவுன்னு பேசிக்கங்க. பொதுப்பணித் துறையில எம்-புக்னு ஒண்ணு உண்டு. அளந்து அதுல எழுதினாத்தான் பில் பாஸாகும். அதே மாதிரி ஒரு நோட்டு உங்க வீட்டுக்கும் வேணும்.

2. "நல்லா பண்ணித் தர்றேன் சார்" ஒப்பந்தம் இல்லை. எந்த வேலை, எத்தனை சதுர அடி, என்ன கலவை, எந்த பிராண்ட், யார் வாங்கறதுன்னு எழுதிக் கையெழுத்து வாங்குங்க. எக்ஸ்ட்ரா வந்தா முதல்ல ரேட், அப்புறம்தான் வேலை.

3. பெரிய அட்வான்ஸ் வேணாம். முடிஞ்ச வேலையை அளந்து வாராவாரம் குடுங்க. ஆனா சனிக்கிழமைன்னா சனிக்கிழமையே போய்ச் சேரணும். "இங்க பேங்க் லீவு"ங்கிற கதை சித்தாளுக்குச் சோறு போடாது. கடைசித் தவணையை மட்டும், மொட்டை மாடியிலயும் பாத்ரூம்லயும் ஓட்டையை அடைச்சு ரெண்டு நாள் தண்ணி தேக்கிப் பார்த்த பிறகு குடுங்க.

4. பொருளுக்குக் கடைக்கே நேரா பணம் அனுப்பிடுங்க. எம்-சாண்ட் ஒரு யூனிட்னா 100 கன அடி, லாரியிலயே டேப் வெச்சு அளக்கலாம். கம்பி மீட்டருக்கு 8 எம்.எம். 0.395 கிலோ, 12 எம்.எம். 0.89 கிலோ நிக்கணும். கான்கிரீட்டுக்குக் குறைஞ்சது ஒரு வாரம், பிபிசி சிமெண்டுன்னா பத்து நாள் தண்ணி விடணும். ஆள் இல்லாத சைட்டுல முதல்ல அடி வாங்குறது இந்தத் தண்ணிதான்.

5. டைல்ஸ், பூச்சு, பெயிண்டுக்கு அனுமதி வேணாம். மாடி எடுக்கணும்னா வேணும். அம்பத்தூர் 2011-லேர்ந்து சென்னை மாநகராட்சி, ஆவடி 2019-லேர்ந்து தனி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. அதனால ஊருக்கு ஊர் ஆபீஸ் வேற. இதுக்காகப் பவர் எழுதிக் குடுத்தா இந்த வேலைக்கு மட்டும்னு எழுதுங்க, வீட்டை விக்கிற அதிகாரத்தையும் சேர்த்துத் தூக்கிக் குடுத்துடாதீங்க. அங்க எழுதின பவர் இங்க வந்து சேர்ந்த மூணு மாசத்துக்குள்ள முத்திரைக் கட்டணம் கட்டணும்.

6. ரெரா காப்பாத்தும்னு நினைக்காதீங்க. 2016-ல வந்த அந்தச் சட்டம் விக்கிறதுக்காகக் கட்டுற புராஜெக்ட்டுக்கு. உங்க சொந்த வீட்டு ரிப்பேர் அதுல வராது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல வீடு கட்டித் தர்றதும் 'சேவை'தான், அதனால கேஸ் போடலாம். ஆனா கையில பேப்பர் இல்லாம போய் என்ன சொல்வீங்க?

"இன்ஜினியருக்கு வேற தண்டமா அழணுமா?"ன்னு கேட்பீங்க. பொட்டி தட்டுற மக்களே, கோட் எழுதினவனே டெஸ்ட் பண்ணினா என்ன ஆகும்னு நான் உங்களுக்குச் சொல்லணுமா? அதுக்குத் தனி டீம் வெச்சுச் சம்பளம் குடுக்குற கம்பெனியிலதானே வேலை பார்க்குறீங்க?

"அவரும் மேஸ்திரியும் கூட்டு சேர்ந்துட்டா?" சேரலாம், நடக்காதுன்னு சொல்லலை. ஆனா அப்ப நோட்டுல ஒரு அளவு இருக்கும். சந்தேகம் வந்தா இன்னொருத்தரை விட்டு அளக்கலாம். அப்பா விஷயத்துல எதை அளப்பீங்க?

மேஸ்திரிக்கும் இதுதான் நல்லது. அளந்து, எழுதி, சொன்ன நாள்ல காசு குடுக்குற சைட்டை அவர் விடமாட்டார். வாசல்ல நாற்காலி போட்டவரைவிட அந்த சனிக்கிழமைக் காசுக்கு மதிப்பு ஜாஸ்தி.

அப்ப அப்பாவுக்கு என்ன வேலை? நிழல்ல உட்கார்ந்து காபி குடிச்சுக்கிட்டு, "இந்தப் பெயிண்ட் கலர் எனக்குப் பிடிக்கலைடா"ன்னு சொல்லணும். அவ்வளவுதான். அந்தக் கலரை மாத்திக் குடுங்க.

டிஸ்கி: "நல்ல மேஸ்திரி நம்பர் இருந்தா குடுங்க"ன்னு யாரும் கேட்காதீங்க. குடுத்தா நாலாவது வீட்டுக்கும் நான்தான் சூப்பர்வைசர் :-)